நெஸ்டர் அத்தானின் ஒற்றை வயர்

என் அக்கா ஸ்டெஃபாவின் புருஷன் நெஸ்டரைப் பற்றி எங்கள் பனிப்பிரதேச டாஃபின் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவர் வாசலில் எந்த விருந்தாளியின் காரும் குளிரில் விறைத்ததில்லை. அவர் வாயில் விழாமல் எந்த மனிதனும் தப்பியதில்லை. இரண்டும் உண்மை. முப்பத்தொரு வருஷமாக நான் இரண்டையும் பார்த்துச் சலித்துப்போனவன்.

அவர் கொட்டகைச் சுவரில் இருப்பது ஒரே ஒரு கரண்ட் பாயிண்ட். அதிலிருந்து தொங்குவது ஒரே ஒரு ஆரஞ்சு வயர். குளிர்காலத்தில் காலை ஐந்து மணிக்கு எழுந்து டிராக்டர் இன்ஜினில் இருக்கும் ஹீட்டரோடு அதை மாட்டிவிடுவார். நாலு மணி நேரமாவது சூடேறினால்தான் இன்ஜின் புரளும். இல்லையென்றால் உள்ளே ஆயில் மெழுகாக இறுகிக் கிடக்கும். விருந்தாளி வந்தால் அவர் கார் இன்ஜினுக்கும் அதே வயர்தான். இன்னொரு பாயிண்ட் வைக்கச் சொல்லி அக்கா கேட்காத வருஷமில்லை. "இருக்கிறது ஒரு டிராக்டர். அதுக்கு எத்தனை வயருடி?" என்று எரிந்துவிழுவார்.

போன ஜனவரியில் இரண்டு நாள் பனிப்புயல் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் மைனஸ் முப்பத்தெட்டு. இரண்டு நாளாகத் தீனி பார்க்காத நாற்பத்திரண்டு மாடுகள் வேலியோரம் நின்று கத்தின. அந்தக் குளிரில் வயிற்றில் விழும் புல்தான் மாட்டுக்குக் கம்பளி. காய்ந்த புல் உருளைகளோ அரை மைல் தள்ளிக் கிடந்தன. ஒவ்வொன்றும் அரை டன், டிராக்டர் இல்லாமல் அசையாது. பனி அள்ளிப்போட என்னையும் வரச்சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்குப் பாதிரியார் வந்து இறங்கினார். திருமுழுக்குப் பண்டிகை முடிந்த கையோடு வீடு வீடாகத் தீர்த்தம் தெளிக்க வருகிறவர்.

"வாங்க ஃபாதர், வாங்க! அந்தப் பனி தள்றவன் பண்ணிவச்ச அநியாயத்தப் பாத்தீங்களா? ரோட்டுல இருந்ததை எல்லாம் என் கேட்டுலயே கொண்டுவந்து கொட்டிட்டுப் போயிருக்கான், கண்ணு தெரியாத பய!"

திட்டிக்கொண்டே போய் டிராக்டரிலிருந்து வயரை உருவினார். திட்டிக்கொண்டே காரின் மூக்கில் தொங்கிய ப்ளக்கில் செருகினார். வாய் அதன் பழக்கத்தைச் செய்தது, கை அதன் பழக்கத்தைச் செய்தது. என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நான் மண்வெட்டியோடு பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன குளிரில் அப்படித்தான் ஏதோ சொல்லப்போய், "என் டிராக்டரைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா மாப்ளே?" என்று நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டார். படட்டும் என்று விட்டுவிட்டேன். மாடுகள் கத்துவது காதில் விழுந்தது. அப்போதும் விட்டுவிட்டேன்.

பாதிரியார் தீர்த்தம் தெளித்து, முட்டைக்கோஸ் உருண்டை சாப்பிட்டு, கதை பேசி முடிக்கும்போது மணி பதினொன்று. நெஸ்டர் போய்ச் சாவியைத் திருகினார். டிராக்டர் இரண்டு தரம் முனகிவிட்டு அடங்கியது. இறங்கி இன்ஜினில் கைவைத்தார். பிறகு வயரின் வழியே நடந்து காருக்கு வந்து சேர்ந்தார்.

"எவன்டா இதைப் புடுங்கினது? ஸ்டெஃபா! உன் வேலைதானே இது? மாடு சாகணுமா உனக்கு?"

அக்கா படியில் வந்து நின்றாள். "நீங்கதான் புடுங்கினீங்க. ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு வாய மூடிக்கிட்டா நின்ன?"

"சொன்னா ஃபாதர் முன்னாடி கத்துவீங்க. எதைச் சொன்னாலும் கத்துறீங்க. அதான் சொல்லல."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ?"

"நானும் பாத்தேன் அத்தான்."

அவர் வயரைக் காரிலிருந்து பிடுங்கி டிராக்டரில் மாட்டினார். இன்னும் நாலு மணி நேரம்.

பிள்ளைகள் விளையாடிப் போட்ட சறுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். கார் விறைக்காமலிருக்க அதன் இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டுவிட்டு, அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதிரியாரும் வந்தார். கவைக்கோலால் புல்லைப் பிய்த்து ஏற்றி இழுத்து வந்தோம். பன்னிரண்டு நடை. நாற்பத்திரண்டு வாய்க்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

மூன்றரை மணிக்கு டிராக்டர் கிளம்பியது. உருளைகளைக் கொண்டுவந்து விரித்தோம். மாடுகள் முண்டியடித்து வந்தன. சினையாக இருந்த கிழட்டுச் செவலை மட்டும் வேலியோரம் படுத்திருந்தது, எழுந்திருக்கவில்லை. நெஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். விறைத்திருந்தது, மூச்சில்லை. இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. அவர் கத்தவில்லை.

மறுநாள் காலையும் போனேன். அக்கா அந்தக் குளிரில் கதவை விரியத் திறந்துவைத்து, வீட்டுச் செருப்போடு படியில் நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"வயர மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு," என்றார் நெஸ்டர்.

"நல்லாப் பாத்தீங்களா?"

அவர் மறுபடி குனிந்து தொட்டுப் பார்த்தார். "பாத்துட்டேன் ஸ்டெஃபா."