பின்வாசல் பற்றிய தீர்மானம்

முதல்வர் அறையிலிருந்த நீளமான தேக்கு மேசையை வெளியே தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, தேர்வுக்கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட வைத்த அந்த மத்தியானம்தான், எங்கள் முதல்வரை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வரும். பட்டாபிராமை ஒட்டிய எங்கள் அரசுக் கல்லூரிக்கு அவர் மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வட்டத்தில் எது தலைமை இடம் என்று தெரியாமல் மூத்த பேராசிரியர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். முதல்வர் கதவோரம் கிடந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து, அலுவலக உதவியாளரையும் துப்புரவுப் பணியாளரையும் வகுப்புக்கு ஒருவராக வந்திருந்த மாணவர்களையும் பெயர் சொல்லி அழைத்து உட்கார வைத்தார். பிறகு, "இங்க எல்லாருக்கும் ஒரு ஓட்டுதான். எனக்கும் ஒண்ணுதான். கூட்டம் எடுக்கிற முடிவ நான் மாத்த மாட்டேன்" என்றார்.

பொருளாதாரம் கற்பிக்கும் எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் செய்யும் ஆரவாரம், நாலு மாதத்தில் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். அது அடங்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாலை ஷிப்டுக்குப் போகும் மாணவர்களுக்காகக் கால அட்டவணையையே மாற்றினோம். பெண்கள் கழிப்பறைச் சாவி அலுவலகத்தில் இருக்கக்கூடாது என்று முடிவானது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அந்த வட்டத்தில் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். கூட்ட நாளன்று நான் சீக்கிரமே வந்து நாற்காலி போட ஆரம்பித்திருந்தேன்.

பின்வாசல் விவகாரம் வந்தது அடுத்த கல்வியாண்டில். கல்லூரிக்குப் பின்னால் ராணுவச் சரக்குக்கான சைடிங், அதாவது பிரதான பாதையிலிருந்து பிரியும் கிளை ரயில் பாதை ஒன்று போகிறது. வண்டி ஓடுவது அபூர்வம். ஆனால் சில நாட்களில் வேகன்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவார்கள். அப்போது பின்வாசல் வழியாக வரும் பிள்ளைகள் வேகன்களுக்கு அடியில் குனிந்து நுழைந்து வருவதை முதல்வர் ஒருநாள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். வாசலைப் பூட்டிவிட வேண்டும் என்று அவரே கூட்டத்தில் சொன்னார்.

எதிர்த்துப் பேசியவள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த மூன்றாமாண்டு வணிகவியல் மாணவி. கூட்டத்தில் தன் வகுப்பின் பிரதிநிதி அவள். "மேடம், முன் கேட்டுக்கு வர்ற ரோட்டுல ஒரு நாள் எங்ககூட நடந்து பாருங்க. காலைலயே குடிச்சிட்டு நின்னுகினு இருப்பானுங்க. கூடவே வருவானுங்க. எங்க ஊட்ல தெரிஞ்சா காலேஜே வேணான்னு நிறுத்திடுவாங்க. எங்களுக்கு அந்த ரயில விட இந்த ரோடுதான் பயம்" என்றாள். வேகன் நிற்கும் நாட்களில் யாரும் அடியில் நுழையக்கூடாது, பாதையருகே ஆசிரியரும் மாணவரும் முறை வைத்துக் காவல் நிற்பது என்று அவளே வழியும் சொன்னாள். கை தூக்கச் சொன்னபோது, பூட்ட வேண்டும் என்று முதல்வரும் நானும் இன்னும் சிலரும்தான் தூக்கினோம். பின்வாசல் திறந்தே இருந்தது. காவலுக்கு முதல் நாள் வெயிலில் போய் நின்றவர் முதல்வர்தான்.

மாதக்கணக்கில் அந்த ஏற்பாடு குறையில்லாமல் நடந்தது. பருவத் தேர்வு தொடங்கிய காலையில் ஆசிரியர்கள் எல்லோரும் கண்காணிப்புப் பணியில் இருந்தோம். காவல் நிற்கும் மாணவர்களும் தேர்வறையில் இருந்தார்கள். காவலுக்கு யார் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பாதையில் வேகன்கள் நின்றிருந்தன. தாமதமாக ஓடிவந்த முதலாமாண்டுத் தமிழ் மாணவி ஒருத்தி அடியில் குனிந்தபோது எஞ்சின் வேகன்களை இழுத்துவிட்டது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

காரியங்கள் முடிந்து சில நாட்கள் கழித்து அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். ஆவடியில் ஆட்டோ ஓட்டுபவர். காக்கிச் சட்டையோடு முதல்வர் அறை வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம், வரவில்லை. கத்துவார் என்று பயந்திருந்தோம். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரும்மா அந்தக் கதவத் தொறந்து உடச் சொன்னது?"

வராந்தாவில் எங்களோடு நின்றிருந்த அந்த வணிகவியல் மாணவி முன்னால் வந்தாள். முதல்வர் அவள் தோளைப் பிடித்துத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

"நான்தாங்க" என்றார்.

அந்த மனிதர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். விசாரணைக்கு வந்தவர்களிடமும் முதல்வர் அதையேதான் சொன்னார். இது கூட்டத்தின் முடிவு, நீங்கள் எதிர்த்துக் கை தூக்கியதை நாங்கள் எல்லோரும் வந்து சொல்கிறோம் என்று நான் மன்றாடினேன். "சொல்லி? அந்தப் பொண்ணுக்கு இருபது வயசு. இத அவ தலைல ஏத்தி அனுப்பச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அவரைத் தெற்கே ஒரு சிறிய ஊருக்கு மாற்றினார்கள். பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடுத்து வந்தவர் கூட்டத்தைக் கலைத்தார். இப்போது எல்லா முடிவும் வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கையாக வருகிறது. நாங்கள் பதிலுக்குக் கட்டைவிரல் படத்தைப் போடுகிறோம். பெண்கள் முன்சாலை வழியாகக் கும்பலாக, தலை குனிந்து நடந்து வருகிறார்கள். சிலர் படிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வணிகவியல் மாணவி இப்போது அம்பத்தூரில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் இருக்கிறாள். ரயிலில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவாள்.

ஓய்வுபெற்றபின் முதல்வர் பூந்தமல்லியில் தன் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். புற்றுநோய் முற்றியிருந்தது. நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரயிலில் சிக்கி இறந்த பெண்ணின் பெயரை அவராகவே எடுத்தார். "பூட்டியிருந்தா அவ இருந்திருப்பா. உங்ககிட்டல்லாம் கேக்காம பூட்டியிருக்கலாமான்னு தினம் யோசிக்கிறேன். அப்படிப் பூட்டவும் மனசு வர மாட்டேங்குது" என்றார். பிறகு, கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டார். அதைக் கலைத்துவிட்டதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நடக்கிறது என்றேன். போன வாரம் நூலகத்தை மாலையிலும் திறந்து வைப்பது பற்றிப் பேசினோம் என்றேன். அலுவலகத்தார் ஒத்துக்கொள்ளவில்லை, பெரிய வாக்குவாதம், கடைசியில் மாணவர்கள் பக்கம்தான் ஜெயித்தது என்று, அப்படி ஒரு கூட்டத்தை அங்கேயே உட்கார்ந்து உண்டாக்கிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க பேசினாங்களா?"

"பேசினாங்க மேடம்."

"நடுவுல யாரும் குறுக்கிடலயே?"

"இல்ல மேடம். முடிக்கிற வரைக்கும் எல்லாரும் கேட்டாங்க."

அவர் தலையசைத்தார். நான் விடைபெற்று வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த வாசலிலேயே நின்று அழுதேன். அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.