இரண்டே ஃபங்ஷன்

தொண்ணூறுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருந்தேன். சூளையைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டுக்கு, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் டிரைவர் புரோகிராமை எழுதியது நான்தான். கார்டில் ரெஜிஸ்டர்கள் என்று சின்ன அறைகள் உண்டு; அதனதன் எண்ணைச் சொல்லி எழுதினால் பர்னர் எரியும், அணையும். அந்த எண்களைத் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் நேரடியாக எழுதியிருந்தேன். புதுக் கார்டு வந்தபோது எண்கள் மாறின. திருத்தும்போது ஓரிடத்தை விட்டுவிட்டேன். பர்னர் அணையாமல், சூளையிலிருந்த ஜாடிகள் எல்லாம் கோணிப் போயின.

முதலாளி பாண்டிச்சேரியிலிருந்து ஒருவரை வரவழைத்தார். ஒல்லியான மனிதர். கீபோர்டைத் தொடுமுன் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எண்களை ஒரே பட்டியலில் சேர்த்தார். ரெஜிஸ்டரைப் படிக்க ஒரு ஃபங்ஷன், எழுத ஒரு ஃபங்ஷன் என்று இரண்டே சிறு புரோகிராம் துண்டுகள் எழுதினார். மற்ற இடங்களெல்லாம் இவற்றையே கூப்பிடும்படி மாற்றினார்.

"இனிமே கார்டு மாறுனா இந்தப் பட்டியல மட்டும் மாத்துங்க, போதும்" என்றார்.

"முதலாளிகிட்ட என் தப்புன்னு சொல்லிடுவீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அறுவது எடத்துல திருத்தணும்னா யாருக்கும் ஒண்ணு தவறுங்க. அதத்தான் சொல்லுவேன்."

அப்படியே சொன்னார். என் வேலை தப்பியது. அவர் பஸ் ஏறிப் போன பிறகு புரோகிராம் ஃபைலைத் திறந்து பார்த்தேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரே இருந்தது. தன் பெயரை அவர் எங்கும் சேர்க்கவில்லை. நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.