கோல் போட வந்த கோல்கீப்பர்

கோஜோ மென்சா திருச்சிக்கு வந்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. சொந்த ஊர் கானா நாட்டிலுள்ள குமாசி. கொல்கத்தாவில் ஒரு கிளப்பில் மாற்று கோல்கீப்பராக வெளியிலேயே உட்கார்ந்து சலித்துப்போயிருந்தவரை, பொன்மலைப் பக்கத்து கிளப் ஒன்று சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அங்கே ஆட வந்த முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

வரும் வழியிலேயே ஏஜென்ட் போனில் சொல்லிவிட்டார். “ஆப்பிரிக்க கோல்கீப்பரை யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ரைக்கர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாயைத் திறக்காதே.”

திறக்கவில்லை. வேலை போனால் விசாவும் போய்விடும். கோஜோ முன்வரிசையில் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். சீசன் முழுக்க ஒரே ஒரு கோல். அதுவும் முதுகில் பட்டு உள்ளே போனது. வேலியோரம் நின்றவர்கள் “டேய் கறுப்பா, எதுக்குடா உனக்குச் சம்பளம்?” என்று கத்தினார்கள். கத்தியவர்களில் பாதிப் பேர் அவர் நிறம்தான். முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மாடி அறையை அவருக்கு வாடகைக்கு விட்டிருந்த ரோசரியக்கா, மிஞ்சிய சோற்றைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துப் போவார்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கோச் பெனடிக்ட் கோஜோவைத் தனியாகக் கூப்பிட்டார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். “கமிட்டியில அனுப்பிடலாம்னு பேசுறாங்க தம்பி. என்னால ஒண்ணும் பண்ண முடியல” என்றார்.

அன்றைய ஆட்டத்தில் இவர்கள் ஒரு கோல் முன்னணியில் இருந்தார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கோல்கீப்பர் பிரவீன்ராஜின் விரல் உடைந்தது. மாற்று ஆட்களை எல்லாம் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. களத்தில் நிற்பவர்களில் ஒருவர்தான் கோலில் நிற்க வேண்டும். பெனடிக்ட் தலையில் கை வைத்தபோது, கோஜோ பிரவீன்ராஜின் கையுறைகளை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. இடது மூலைக்குத் தாழ்வாக வந்த பந்தைப் பாய்ந்து தள்ளிவிட்டார். அடுத்து கோலை நோக்கி வந்த இரண்டு பந்துகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வேலியோரம் சத்தம் அடங்கிவிட்டது. ஆட்டம் முடிந்த விசில் ஊதியதும் கோஜோ கையுறைகளைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பொய் வெளிப்பட்டுவிட்டதே.

“நீ கீப்பரா?” என்றார் பெனடிக்ட்.

“ஆமா சார். சின்ன வயசுலேருந்து.”

“அப்பறம் ஏன்ப்பா சீசன் பூரா சொல்லல?”

“சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயம் சார்.”

பெனடிக்ட் அவர் கையிலிருந்த கையுறைகளை வாங்கிக்கொண்டார். “ஏஜென்ட் சொன்னத விடு. உன்னப் பாத்ததுமே, கோல் போடுறவன்னு நானா முடிவு பண்ணிட்டேன். ஒரு வார்த்தை உன்கிட்ட கேட்டிருக்கணும். போ, போய்ச் சாப்பிடு. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

கோஜோ அறைக்குப் போய் ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். ரோசரியக்கா கதவைத் தட்டியது அவர் காதில் விழவேயில்லை.

அதற்குப் பிறகு அதே கிளப்பில் ஒன்பது வருஷம் கோலில் நின்றார். இப்போது தென்னூரில் குடியிருந்துகொண்டு கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பஸ்ஸில் யாராவது, அவர் யாரென்றுகூடக் கேட்காமல், தோளில் கைபோட்டு போட்டோ கேட்டால், “இன்னிக்கு வேணாங்க, அலுப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்துகொள்கிறார்.