மணிமொழி வட்டம் போட்ட பாறை

கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்த மணிமொழி, பாறையில் படரும் பாசியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கத் துணிந்தவள். பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதன் பங்காளி வகையறா. "மாட்டுக்குக்கூட ஆவாதத படிச்சி இன்னாடி பண்ணப் போற?" என்று அம்மா பச்சையம்மாள் கேட்ட கேள்விக்குப் பல்கலைக்கழகம் இன்னும் பதில் சொல்லவில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரப் பாறை ஒன்றில் அவள் சாம்பல்நிறப் பாசி ஒன்றைக் கண்டாள். பார்வைக்கு இமயமலைப் பனியில் வளரும் பாசியேதான். அது இந்த வெயிலுக்கு எப்படி வந்தது? இரண்டும் ஒன்றா, வேறா என்று மரபணுதான் சொல்ல வேண்டும். எடுத்துப்போன துணுக்கோ ஆய்வகத்தில் பூசணம் பிடித்து வீணாயிற்று. வேறெங்கும் அந்தப் பாசி கிடைக்கவில்லை. நல்லவேளையாக, அடையாளத்துக்குப் பாறையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

பௌர்ணமி கழிந்து அவள் மறுபடி அங்கே போய்ப் பார்த்தால், வட்டத்துக்குள் குங்குமம். பாறையின் முன்பக்கம் முழுக்க மஞ்சள், இடுப்பில் சிவப்புத் துணி, எதிரே கற்பூரக் கரி. அருகில் பூக்கூடையுடன் ஜோதியம்மாள், புதிய சாமியின் நிர்வாகி.

மஞ்சளுக்கடியில் பாசி மிச்சமிருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்க மணிமொழி கத்தியை எடுத்தாள்.

"ஏய்! சாமி மேலயா கத்தி வெக்கிற?"

"இது சாமி இல்லக்கா. அந்த வட்டமே நான் போட்டதுங்க."

ஜோதியம்மாள் எழுந்துவிட்டாள். "நீயா போட்ட?"

"ஆமா, சாக்பீஸ்ல."

"அப்ப சாமி மொதல்ல ஒனக்குத்தான் தெரிஞ்சிருக்கு! ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டியேமா."

முதல் பக்தைக்குரிய மாலை மணிமொழியின் கழுத்தில் விழுந்தது. மாலையும் கழுத்துமாக அழுதாள். "அந்தப் பாசி இல்லன்னா என் படிப்பே போச்சுக்கா."

"அதுக்கு ஏன் அழுவுற? பின்னால போய்ப் பாரு. சாமி முதுவுக்கு யாரு மஞ்சா பூசறா?"

முன்பு முட்புதர் அடைத்திருந்த இடம். சாமிக்காக வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். அங்கே உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல்நிறப் பாசி, பொட்டு மஞ்சள் படாமல்.

இந்த முறை துணுக்கு கெடவில்லை. முடிவு வந்ததும் மணிமொழி நேரே பாறைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, இது அந்தப் பனிமலைப் பாசி இல்ல! தனி இனம். இதுவரைக்கும் வேற எங்கயும் யாரும் பாத்ததில்ல!"

ஜோதியம்மாள் பூ தொடுப்பதை நிறுத்தவில்லை. "நாங்க பௌர்ணமிலருந்து அதத்தான சொல்றோம்? சரி, உக்காரு. சாமிக்கு இன்னும் பேரு வெக்கல. வட்டம் போட்டவ நீதான், நீயே சொல்லு."

மணிமொழி யோசித்தாள். பேராசிரியரும் காலையில் இதையேதான் கேட்டிருந்தார்.