மச்சான் கூட்டிய வேகம்

என் மனைவியின் அண்ணன் ராவாங்கில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கணினியில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவரே சொல்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் ஈஜோக்கில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவன். போன வருடம் புது கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினேன். நடுத்தர ரகம். மச்சான் அதன் பெட்டியைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதப் போயி வாங்கினீங்களா மாப்ள? பரவால்ல லா, ஓவர்கிளாக் பண்ணி வேகத்த ஏத்திட்டா மேல உள்ள மாடல் மாதிரியே ஓடும். கம்பெனிக்காரன் வேணும்னே கொறச்சு வச்சிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். ஏர்கோனைப் பதினாறு டிகிரிக் குளிரில் வைத்தார். என் மகளின் மேசை விசிறியைத் தூக்கிவந்து கார்டுக்கு நேராகத் திருப்பினார். வேகத்தைக் கூட்டுவார், சோதனை ஓட்டுவார், திரை கறுத்துக் கணினி நின்றுபோகும். "இது நார்மல்" என்பார். ஏழு தடவை நார்மல். எட்டாவது தடவை சோதனை முழுதாக ஓடி, மேல் மாடலுக்குச் சொல்லப்படும் மதிப்பெண்ணை எட்டியது. உடனே அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அத்தைமார்கள் கும்பிடும் கைகளாக அனுப்பினார்கள், எதற்கென்று தெரியாமலே. நானும் கைதட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

அடுத்த வாரம் கம்போங் குவாந்தான் பக்கத்துக் கல்யாண வீடியோ ஒன்றை முடித்து, முதல் சில நிமிடங்களை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன். பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"தம்பி, தாலி கட்டுற நேரத்துல எம்பொண்ணு மொகத்துல பச்சப் பச்சயா கட்டம் விழுதுப்பா. மாப்பிள்ளைக்கு மூஞ்சியே இல்ல."

ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. மன்னிப்புக் கேட்டுவிட்டு மச்சானை அழைத்தேன்.

"அது ஈஜோக் கரண்டு மாப்ள. உங்க ரூமும் வெயில் பக்கமா இருக்கு."

மின்சாரம், சூரியன், வீடு கட்டியவர் என எல்லார்மேலும் தப்பு இருந்தது.

வேகத்தைப் பழைய நிலைக்கு இறக்கி வீடியோவை மறுபடி உருவாக்கினேன். மூன்று நிமிடம் கூடுதலாக ஆனது. இந்த மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு ஞாயிறு முழுக்க அவர் என் அறையை ஐஸ் பெட்டியாக்கியிருந்தார். புது வீடியோவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் அப்பா தாலி கட்டும் இடத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "இப்பத்தான் எம்பொண்ணு" என்றார்.

நடந்ததை மச்சானிடம் அப்படியே சொன்னேன். கொஞ்சமாவது வெட்கப்படட்டும் என்றுதான்.

"அத விடுங்க மாப்ள. தங்கச்சி லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு சொன்னுச்சே, ஞாயித்துக்கெழம வரவா?"

கடலோரத்தில் பாகான் நக்கோடா ஓமார் என்ற ஊருக்கு மீன் வாங்கப் போகிறோம் என்று பொய் சொன்னேன். அவர் நம்பாமல் வந்து நிற்கக்கூடியவர் என்பதால், அந்த ஞாயிறு விடிந்ததும் நிஜமாகவே கிளம்பிவிட்டோம்.