பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

எண்பதுகளின் நடுவில் எங்கள் தொழிற்சாலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது நான் டைப்பிஸ்டாக இருந்தேன். பெங்களூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து, அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். ஓசூரில் லாரிகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் இடம் அது. கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும்தான் ஏ.சி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் மேனேஜரே உள்ளே வருவார்.

பழைய டிவியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. திரைக்கு வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வாய்கள். கறுப்பு உறைக்குள் இருக்கும் மெல்லிய வட்டத் தகட்டைப் பிளாப்பி என்போம். மேல் வாயில் ப்ரோக்ராம் பிளாப்பி, கீழ் வாயில் கணக்குப் பிளாப்பி. அந்தப் பெட்டி தானாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு காலையும் ப்ரோக்ராம் பிளாப்பியை ஊட்டினால்தான் அதற்கு உயிர் வரும். ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்தவர்கள், நாங்கள் நகல் எடுக்க முடியாதபடி அதைச் செய்திருந்தார்கள். அவர்கள் கொடுத்தது இரண்டு பிளாப்பிகள். ஒன்று உபயோகத்துக்கு, மற்றது இரும்பு பீரோவில். சில வருடங்களில் அவர்கள் கடையை மூடிவிட்டார்கள்.

தொண்ணூறுகளில், மௌஸ் வைத்த கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றன என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பழச என்ன பண்றதுன்னு நீங்களே பாத்து ஒரு வழி பண்ணிடுங்க."

"புதுச நான் கத்துக்கறேன் சார்."

"கத்துக்கறது தப்பில்ல. ஆனா ஹெட் ஆபீஸ்ல இருந்து அவங்க ஆளுங்களே வர்றாங்க. நான் என்ன பண்ணட்டும்? உங்களுக்கு டெஸ்பாட்ச்ல எடம் போட்டிருக்குது. அது வேணாம்னா வி.ஆர்.எஸ். வாங்கிக்கலாம்."

டெஸ்பாட்ச் என்றால் லாரியில் பெட்டி ஏற்றும் இடம். நாற்பத்தைந்து வயதில், எனக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தப் பச்சை எழுத்துகளோடுதான். அந்தப் பெட்டி எங்கே போகிறதோ அங்கேதான் என் வேலையும் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. குப்பைக்குப் போகாமல் வேறு யாராவது அதை வைத்து வேலை செய்தால், அதை ஓட்ட ஆள் வேண்டும் அல்லவா?

முதலில் பெங்களூரிலிருந்து ஒரு வியாபாரியை வரவழைத்தேன். உட்காரக்கூட இல்லை. ஒரு விசையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு பார்ட்ஸ் ஏனும் சிக்கல்ல சார்," என்று, உதிரிப் பாகம் எதுவும் கிடைக்காது என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொன்னார். "மியூசியத்துல கேட்டா குடுங்க." கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம், ராயக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர், பெஞ்சுகள் கேட்டு மேனேஜரைப் பார்க்க வந்தார். போகும் வழியில் கண்ணாடிக்குள்ளே என்னையும் பெட்டியையும் பார்த்தார்.

"பெஞ்சுகூட அப்புறம் பாத்துக்கலாங்க. இதக் குடுப்பீங்களா? எங்க பசங்க கம்ப்யூட்டர்னா பேப்பர்ல படம்தாங்க பாத்திருக்கறாங்க. ஆனா சொல்லித்தர எங்ககிட்ட ஆளு இல்லைங்களே."

மேனேஜர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "ஆளையும் சேத்தே குடுத்துடறேன், எடுத்துக்கங்க," என்று என்னைக் காட்டிச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டு சொன்னாலும் பிறகு அதை அவர் மறுக்கவில்லை. சம்பளம் இங்கே, வேலை அங்கே. ஒரே நிபந்தனை: ஆயுத பூஜை விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறக்கும் நாளில், பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் வந்து பெட்டி ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் தக்காளி மண்டிக்காரர். அறைக்கு வயரிங் செலவு அவருடையது.

அந்த வாரங்களில் நான் மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டி ரேங்க் போடும் சிறிய ப்ரோக்ராம் ஒன்றை எழுதினேன். மதிய உணவு நேரத்திலும் எழுதினேன். இது நடக்கும் என்று என் மனைவி நம்பவில்லை.

"தெனமும் அந்த பஸ்ல தக்காளிக் கூடைங்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டே போவீங்களா?"

"நிக்கறேன்."

"ஸ்கூல்ல கரண்ட்டு இருக்குதா?"

"இருக்குது."

"இருக்கும், இருக்கும்," என்றாள்.

அவள் சொன்னது மனத்தில் தைத்தது. பூஜைக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு ராயக்கோட்டை போனேன். அறையில் பிளக் எங்கே, எர்த் கம்பி போட்டிருக்கிறதா, மழை ஒழுகுமா என்று பார்த்தேன். ஓரளவு திருப்திதான்.

பூஜைக்கு முந்தின நாள் எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தி நடக்காது. மெஷின்களைக் குளிப்பாட்டும் நாள் அது. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஏர் ஹோஸ் பிடித்துத் தூசி அடித்து, அசையும் இடமெல்லாம் எண்ணெய் விடுவார்கள். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் அது கிடையாது. நானே உலர்ந்த துணியால் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவேன்.

பூஜையன்று காலை போனபோது என் அறை வாசலில் மாவிலை கட்டியிருந்தது. உள்ளே பெட்டி பளபளவென்று இருந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும், தோளில் சாமந்தி மாலை. பக்கத்தில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அஞ்செட்டிக்காரர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவர் கைபட்டு ஓடாத மெஷின் அங்கே இல்லை.

"எப்டி இருக்குது பாருங்க சார். இத்தினி வருசமா இத மட்டும் சும்மா உட்டுட்டோம். நம்மள உட்டுப் போற மெஷினு, குளிக்க வெக்காமயா அனுப்பறது?"

"என்ன பண்ணீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார். மூடியக் கழட்டி ஏர் அடிச்சேன். அப்பப்பா, என்னா தூசி! அந்த ரெண்டு வாயி கர்ர்னு கத்துமில்ல? காஞ்சு கெடந்துது. எண்ணெ உட்டேன். இனிமே கத்தாது."

பின்னால் நின்ற லேத் ஆட்கள் சிரித்தார்கள். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது சார்!" என்றார் ஒருவர். "மாப்ள நம்ம சாருதான். பொண்ணு கூடவே போறாரில்ல, வீட்டோட மாப்ள," என்றார் இன்னொருவர்.

அந்த இரண்டு வாய்களுக்குள் ஒரு துளி ஈரம்கூடப் படக்கூடாது என்று பயிற்சியில் முதல் பாடமாகச் சொல்லியிருந்தார்கள். ஏர் ஹோஸில் வரும் காற்றிலேயே தண்ணீரும் எண்ணெயும் இருக்கும். உடனே போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பொட்டு வைத்து மாலை போட்ட எந்த மெஷினையும் திறக்கும் நாள் வரை யாரும் தொடக்கூடாது. அதை மீறி யாரும் ஒரு சுவிட்சைப் போட்டு நான் பார்த்ததில்லை. நானும் போடவில்லை. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திறக்கும் நாளில் எல்லாருக்கும் முன்பாகப் போனேன். ப்ரோக்ராம் பிளாப்பியை மேல் வாயில் போட்டேன். ஃபிட்டர் சொன்னது உண்மைதான், சத்தமே இல்லை. அவ்வளவு நிசப்தமாக அது என்றும் சுற்றியதில்லை. திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தபோது, தகட்டின் மேல் வட்டமாக எண்ணெய் மினுமினுத்தது.

பீரோவைத் திறந்து இரண்டாவது பிளாப்பியை எடுத்தேன். மேல் வாய் கெட்டிருந்தாலும் கீழ் வாய் தப்பியிருக்கலாம் என்று நினைத்து அதில் போட்டேன். ஃபிட்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அதுவும் போயிற்று.

தலைமை ஆசிரியரும் மண்டிக்காரரும் வந்தபோது வெறும் பச்சைப் புள்ளி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. மண்டிக்காரர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இவ்ளோதானுங்களா?"

"இன்னிக்கு ஒரு சின்னக் கோளாறு."

"டிவி மாதிரி இருக்குதே, படமாச்சும் வருமா?"

"வராதுங்க."

அவர் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். "சார், பெஞ்சே கேட்டு வாங்கிடலாங்க. பசங்க உக்காரவாச்சும் செய்வாங்க."

தலைமை ஆசிரியர் மரியாதையானவர். "சரியானதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க," என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் எழுதிய ரேங்க் ப்ரோக்ராமைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதை ஓடவிட்டுக் காட்ட முடியாமல் வாயால் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன்.

செய்தி ஃபிட்டர் காதுக்குப் போய்விட்டது. அன்று மதியமே டூல் பாக்ஸோடு வந்தார். தரையில் செய்தித்தாள் விரித்து இரண்டு வாய்களையும் கழற்றி, திருகு திருகாக வரிசையில் அடுக்கினார். எண்ணெய் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று சொல்லி, துளி மிச்சமில்லாமல் எடுத்தார். நான் தடுக்கவில்லை, கெடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. திரும்ப மாட்டிச் சுற்றிக் காட்டினார்.

"ஆயித்து சார். புதுசு மாதிரி சுத்துது. உங்க பிளேட்டுதான் சரியில்ல. வேற பிளேட் போடுங்க."

"வேற இல்லையே."

"பெங்களூர்ல கெடைக்காத பொருளு என்னா சார் இருக்குது?"

பெங்களூர் போனேன். கடைக்காரர் என் பிளாப்பியை விளிம்பில் பிடித்துத் தூக்கி, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த அளவே இப்போது வருவதில்லையாம். அப்படியே வெற்றுப் பிளாப்பி கிடைத்தாலும், அதில் போட வேண்டிய ப்ரோக்ராம் யாரிடமும் இல்லை. ஓசூர் பஸ்ஸில் திரும்பும்போது, நன்றாக ஓடும் ஒரு மெஷின் எதற்கும் உதவாமல் போவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். யோசித்து எதுவும் தெளியவில்லை.

ஃபிட்டர் கேன்டீனில் எல்லாரிடமும், மெஷினில் கோளாறு இல்லை, சாருடைய பிளேட்தான் மட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. பூஜைக்கு அவர் விட்ட எண்ணெய்தான் அந்தத் தகடுகளைக் கெடுத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இருபது வருடமாக எண்ணெய் விட்டு மெஷின்களைக் காப்பாற்றியவர் அவர்.

மேனேஜர் கோபிக்கவில்லை. "போனாப் போவுது, எடத்தக் காலி பண்ணுங்க," என்றார். எனக்கு டெஸ்பாட்ச் ஆர்டர் அதே வாரம் வந்தது. வி.ஆர்.எஸ். பற்றி மனைவியிடம் கேட்டேன். "பொண்ணு காலேஜ் முடிக்கட்டும்," என்றாள். வேறு பதில் இருக்கவும் முடியாது.

பெட்டியை மூக்கண்டப்பள்ளியில் பழைய இரும்பு வாங்கும் பாய் எடுத்துக்கொண்டார். என் வீடும் அங்கேதான். சில நாள் கழித்து அவர் கடை வழியாக நடந்தபோது அவரே கூப்பிட்டார்.

"சார், உங்க மெஷினப் பிரிச்சாச்சு. செம்பு கொஞ்சம் வந்துச்சு, மத்ததெல்லாம் பிளாஸ்டிக்கு. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. அது என்னாதான் பண்ணும்?"

"சம்பளக் கணக்குப் போடும் பாய். சரக்குக் கணக்கு பாக்கும்."

"இப்ப யாரு பாக்கறாங்க?"

"புதுசு வந்திருக்குது."

"அப்ப நீங்க?"

டெஸ்பாட்சில் இருக்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு அவர் தராசுப் பக்கம் திரும்பினார். இரண்டாம் ஷிப்ட் பஸ் வரும் நேரம் ஆகியிருந்ததால் நானும் கிளம்பினேன்.