விபூதி போட்டுத் துலக்கிய டாலர்கள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்த பிறகு எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோனது. எங்களைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். மலாய் நாட்டுத் தீவு ஒன்றில், பாயான் பாருவில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் எங்கள் குரல் மின்தூக்கி வரைக்கும் கேட்கும். அடிதடி கிடையாது, தட்டுமுட்டு பறந்ததும் கிடையாது. வெறும் வாய்தான். நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். சொல்லிவிட்டு எனக்குத் தேநீரும் போட்டுத் தருவாள்.

சண்டைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. என் அலமாரியில் இருந்த அமெரிக்க வெள்ளி டாலர்களே போதும்.

இளம் வயதில் இங்கே ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். அமெரிக்காவுக்குத் திரும்பிய பொறியாளர் ஒருவர் விடைபெறும்போது, எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்த காசை என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காசு. ஒரு பக்கம் பெண்ணின் முகம், மறுபக்கம் சிறகை விரித்த கழுகு. உள்ளங்கையை நிறைக்கும் அகலம், கையைக் கொஞ்சம் கீழே இழுக்கும் கனம். அன்று பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெளியவில்லை.

ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்கு அந்தக் காலத்தில் எல்லா நாட்டு வெள்ளியும் வந்தது. கீழைநாட்டு வியாபாரத்துக்கென்றே அமெரிக்கா அடித்த டாலர்களும் வந்தன. சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்திய அந்த டாலர்கள் இன்றும் எப்போதாவது ஏதோ ஒரு பழைய கடைவீட்டு இழுப்பறையிலிருந்து கிளம்பி வரும். அவற்றிலும் சிலவற்றை வைத்திருந்தேன். ஆனால் என் மனம் கிடந்தது பெண் முகம் போட்ட டாலர்களில், அதிலும் நிறம் ஏறியவற்றில். அந்தக் காசுகள் அமெரிக்க வங்கிகளின் நிலவறையில் துணிப்பையோடு பல தலைமுறை கிடந்தவை. துணியில் இருந்த கந்தகம் மெல்ல மெல்ல வெள்ளியில் ஏறி, ஓரத்தில் பொன் நிறம், அதற்குள் செம்பு, அப்புறம் ஊதா, நீலம் என்று பிறை பிறையாகப் படிந்திருக்கும். அந்த நிறத்தை யாராலும் அவசரமாக வரவழைக்க முடியாது. ஒருமுறை அழித்துவிட்டால் திரும்பவும் வராது. என்னைப் போன்றவர்கள் உயிரை விடுவது அதற்காகத்தான்.

என் மனைவியின் கண்ணுக்கு அது கறுத்துப்போன காசு. அவள் வளர்ந்த வீட்டில் வெள்ளி கறுத்திருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கேவலம். வியாழக்கிழமை மாலையானால் சாமி அறை விளக்கு, குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் எல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். தட்டில் விபூதியைக் கொட்டி, கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். வெள்ளிக்கிழமை விடியும்போது அவை புதிதாக வாங்கியவை மாதிரி இருக்கும். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் என் டாலர்களைப் பார்த்து அவளுடைய கட்டைவிரல் துடிக்கும். கல்யாணமான புதிதில் தொட்டே விட்டாள். நான் போட்ட கூச்சலில் அவள் அம்மா வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பிறகு உட்காரவைத்து விளக்கினேன். விபூதியால் தேய்த்தால் நிறமும் போகும், வெள்ளியின் மேல் மயிரிழைக் கீறலும் விழும், சேகரிப்பவன் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்த நொடியே கீழே வைத்துவிடுவான், அப்புறம் அது வெறும் வெள்ளித் துண்டு என்று. அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அவளும் எனக்கு முன்னாலேயே வரி வரியாக ஒப்பித்துக் காட்டிக் கிண்டல் செய்வாள்.

போன ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்ப்பதற்குள் அவள் வலது பக்கம் சாய்ந்து கிடந்தாள்.

உயிர் பிழைத்தாள். வலது கால் ஓரளவு தேறியது, கை தேறவில்லை. நாக்கு தடித்து வார்த்தைகள் வழுக்கின. நினைவிலும் சில இடங்கள் விட்டுப்போகலாம், கவனித்துக்கொண்டே இருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு சொல் என்னை ஆட்டிவைத்தது. சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று அவள் கேட்டால்கூட, நேற்றும் கேட்டாளே, மறந்துவிட்டாளோ என்று அவள் முகத்தையே பார்ப்பேன்.

கைப்பயிற்சி கொடுக்க ஓர் இளம்பெண் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். மேசையில் சில்லறைக் காசைப் பரப்பி, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். கட்டைவிரல்தான் முக்கியம், அது வேலை செய்யத் தொடங்கினால் மற்ற விரல்கள் பின்னால் வரும் என்றாள். முதல் சில வாரம் என் மனைவி முயன்றாள். காசு வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்தது. நான் குனிந்து பொறுக்கி வைத்து, பரவாயில்லம்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்பேன். அப்புறம் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பேச்சும் குறைந்தது. அந்தப் பெண் வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள், ஆண்ட்டி முயற்சியே செய்யவில்லை, இப்படியே விட்டால் கை இறுகிப்போகும் என்று. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். சமைத்தேன், துவைத்தேன், அவளுக்குத் தலை வாரினேன். முன்பெல்லாம் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவேன். மருத்துவமனைத் தாதிகளிடம் கற்றுக்கொண்டு 'ம்மா' என்று மாற்றிக்கொண்டேன். குரலை உயர்த்தவே இல்லை. அவள் தட்டைத் தட்டிவிட்டாலும், மாத்திரையைத் துப்பினாலும், பரவாயில்லம்மா. நல்ல கணவனாகிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு வியாழக்கிழமை புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் இரும்புச் சாமான் கடைக்காரர் அழைத்தார். தன் தாத்தா விட்டுப்போன இரும்புப் பெட்டியில் பெண் முகம் போட்ட டாலர் ஒன்று இருக்கிறதாம், கழுகுக்குக் கீழே இரண்டு சின்ன 'சி' எழுத்து இருக்கிறதாம். அது அமெரிக்க மேற்கில் கொஞ்ச காலமே நடந்த ஒரு நாணயசாலையின் அடையாளம். அப்படிப்பட்ட காசு ஒன்றுக்காக நான் பாதி வாழ்நாள் காத்திருந்தேன். ஆனாலும் வர முடியாது என்றுதான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இடது கையை அசைத்து, "போய்ட்டு வாங்க லா" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. பக்கத்து வீட்டு மலாய் அக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். கிளம்பினேன்.

கடல் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்ப் பார்த்தால் காசு போலி. கையில் எடுத்ததுமே கனம் சொல்லிவிட்டது. ஓரத்து வரிகளுக்கு நடுவே வார்த்த தடம் மெல்லிய கோடாக ஓடியது. கடைக்காரர் முகம் விழுந்துபோனது. அவரிடம் எதையோ சமாதானமாகச் சொல்லிவிட்டு, பாலத்து நெரிசலில் எரிச்சலோடு ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

கதவைத் திறந்ததும் விபூதி வாசனை அடித்தது.

சாப்பாட்டு மேசையில் எவர்சில்வர் தட்டு. அதில் சாமி அறை விபூதிப் பொட்டலம் முழுவதும் கொட்டியிருந்தது. அவள் சேலை, மேசை, தரை எல்லாம் சாம்பல். தட்டைச் சுற்றி என் டாலர்கள், பாதிக்கு மேல், பளபளவென்று வெள்ளை வெளேரென்று கிடந்தன. பொன் இல்லை, ஊதா இல்லை, நீலம் இல்லை. அவள் வலது கை ஒரு காசை மேசையோடு அழுத்திப் பிடித்திருக்க, இடது கைக் கட்டைவிரல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். மறந்துவிட்டாள். இத்தனை வருடமாகச் சொன்ன பாடம் அவள் தலையிலிருந்து அழிந்துபோய்விட்டது. மருத்துவர் சொன்ன அந்த விட்டுப்போகும் இடம் இதுதான். இன்றைக்குக் காசு, நாளைக்கு வெளியூரில் இருக்கும் மகளின் முகம், அப்புறம் நான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, கற்றுக்கொண்ட குரலில் சொன்னேன்:

"பரவாயில்லம்மா."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மறதி எதுவும் இல்லை.

"பரவாயில்லையா?" என்றாள். நாக்கு வழுக்கியது, ஆனாலும் விடாமல் பிடித்தாள். "நெறம் போச்சு. கீறல் விழுந்துச்சு. இனிமே வெறும் வெள்ளித் துண்டு. எல்லாம் எனக்குத் தெரியும். இது பரவாயில்லையா?"

தரையைப் பார்த்தேன். அப்போதுதான் காசுகளை மூடி வைத்திருந்த வட்ட உறைகளைக் கவனித்தேன். இரண்டு கட்டைவிரலையும் எதிரெதிரே வைத்து நெம்பினால்தான் திறக்கிற பிளாஸ்டிக் உறைகள் அவை. எனக்கே சில நேரம் திறக்காது. தரையில் கிடந்த ஒவ்வொன்றின் விளிம்பிலும் பல் பதிந்த தடம் இருந்தது. நான் போன நேரம் முழுக்க அவள் உறைகளைக் கடித்துக் கடித்துத் திறந்திருக்கிறாள்.

நான் தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த காசை நோக்கிக் கையை நீட்டினாள். வலது கையை. அது என் சேகரிப்பிலேயே சிறந்தது. பெண்ணின் கன்னத்திலிருந்து விளிம்பு வரை ஏழெட்டு நிறம் ஏறிய காசு. அவள் கட்டைவிரல் காசின் விளிம்பைத் தேடியது, ஒருமுறை வழுக்கியது, மறுபடி தேடியது. பிடித்தது. மேசையிலிருந்து காசு மேலே எழுந்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, விபூதியைத் தொட்டு, என் கண்ணையே பார்த்துக்கொண்டு, நடுக் கன்னத்தில் அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள்.

"ஏய்! வைடி கீழே!"

என் குரல்தான். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

அவள் காசைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது.

"நான் இன்னும் சாவல," என்றாள். "செத்தவங்க பக்கத்துலதான் இப்படி மெதுவாப் பேசுவாங்க. இத்தன மாசமா அப்படித்தான் பேசுறீங்க."

அதற்கு மேல் என்னால் நல்ல கணவனாக இருக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன். கிறுக்கச்சி என்றேன், எத்தனை வருடத்துச் சேமிப்பு தெரியுமா என்றேன், கையை அசைக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாய், என் காசை நாசம் பண்ண மட்டும் கை வருமா என்றேன். அவளும் விடவில்லை. கறுத்த காசைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் நீங்கள்தான் என்றாள், நீங்கள் வைக்கிற சாம்பாரை நாய்கூடத் தொடாது என்றாள். பாதி வார்த்தை உடைந்து விழுந்தது. விழுந்ததை எடுத்து மறுபடியும் சொன்னாள். கதவருகே வந்து நின்ற பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

கத்திக்கொண்டே இருந்தவன் எங்கேயோ நடுவில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெளுத்துப்போன காசுகள் நடுவே முகத்தை வைத்து அழுதேன். காசுக்காகவா, அவளுக்காகவா, இத்தனை மாதம் அவளை உயிரோடு வைத்துக்கொண்டே துக்கம் கொண்டாடியதற்காகவா, பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் சாம்பல் அப்பிய வலது கையைத் தூக்கி, என் தலையில் தொப்பென்று போட்டாள்.

"அழுவாதீங்க," என்றாள். "திட்டுங்க."

திட்டினேன்.